ஓதம் ஏறிய சுவரும் இருபது வருஷக் கடனும்

பழைய வீடு ஒன்றை விலை பேசப் போகிறவர்கள் சித்திரை வைகாசியில் போகக் கூடாது, ஐப்பசியிலே, அதுவும் மூன்று நாள் அடைமழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையிலே போக வேண்டும் என்று எங்கள் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் சொல்லுவார். கோடை வெயிலில் எந்த வீடும் லட்சணமான வீடுதான். வெள்ளையடித்த சுவர் பளபளக்கும், முற்றத்தில் வெளிச்சம் கொட்டும், கூடத்தில் காற்று வீசும், தரகர் சொல்லுவதெல்லாம் உண்மை போலவே இருக்கும். மழை பெய்த மறுநாள்தான் வீடு தன் வாயால் பேச ஆரம்பிக்கும்.

என் தங்கை மகன் இந்த உபதேசத்தைக் காதில் வாங்கிக்கொண்டே வளர்ந்தவன். ஆனாலும், சென்னையில் உத்தியோகம் பார்த்துக்கொண்டு, கையில் 12 லட்ச ரூபாய் சேர்ந்தவுடன், 'வாடகைக்கு விடுவதற்கு ஊரில் ஒரு வீடு வாங்கிப் போடலாம், அதுவே கடனை அடைத்துவிடும்' என்ற யோசனை தோன்றி, கும்பகோணத்தில் அவன் வீடு பார்த்தது ஒரு வைகாசி மாதத்தில்தான். வீட்டை முதலீடாக நினைத்து முதன்முதலாக வாங்குகிறவர்கள் அனைவருக்கும் பொதுவான சில அனுபவங்கள் அவனுக்கும் நேர்ந்தன. அவனுடைய அனுமதியோடுதான் அவற்றை இங்கே எழுதுகிறேன்.

பதினெட்டு அடி அகலமும் நூற்றுப் பத்து அடி நீளமுமாக, கும்பகோணத்துத் தெருக்களுக்கே உரிய ஒடுங்கிய முகப்பும் நீண்ட உடலும் கொண்ட வீடு அது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் எல்லாம் கொண்ட முன்பாதி சுண்ணாம்புக் காரையாலும் தேக்குக் கட்டையாலும் ஆனது; இரண்டு அறைகளும் சமையற்கட்டும் கொண்ட பின்பாதி 1980-களில் கான்கிரீட் தளம் போட்டுச் சேர்த்தது. விலை 40 லட்சம். அவன் போட்ட கணக்கு மிகவும் எளிமையானது: வங்கி நூற்றுக்கு எண்பது கொடுக்கும், அது 32 லட்சம், மீதி 8 லட்சம் கைப்பணம், எஞ்சிய 4 லட்சத்தில் வீட்டைச் செப்பனிட்டுவிடலாம். காகிதத்தில் இந்தக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை. கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் அவன் கூட்டியிருந்தான்.

கண்ணுக்குத் தெரியாதவற்றில் முதலாவது, வங்கி கடன் கொடுப்பது நாம் பேசிய விலைக்கு அல்ல என்பது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வந்து, பழைய கட்டடத்துக்கு இன்னும் எத்தனை வருஷ ஆயுள் என்று பார்த்து, பெரும்பாலும் மனைக்கு மட்டுமே மனமுவந்து விலை போட்டு, கட்டடத்துக்கு ஏதோ தாட்சண்யத்துக்காக ஒரு தொகையைச் சேர்ப்பார். இந்த வீட்டுக்கு அவர் போட்ட மதிப்பு 36 லட்சம். ரிசர்வ் வங்கி வகுத்திருக்கும் வரம்பின்படி, 30 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்தின் மதிப்பில் அதிகபட்சம் 90 சதவீதமும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கும் மேற்பட்டால் 75 சதவீதமும்தான் கொடுக்கலாம். இவையெல்லாம் உச்சவரம்புகளே தவிர, கேட்டவுடன் கிடைத்துவிடும் உரிமைகள் அல்ல. வங்கி 30 லட்சத்துக்குச் சம்மதித்தது. ஆக, கைப்பணம் 8 லட்சம் அல்ல, 10 லட்சம் என்றாயிற்று.

இரண்டாவது, பத்திரச் செலவு. தமிழ்நாட்டில் கிரையப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் அதனுடன் சேர்ந்த வரியுமாக 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2017-ல் அரசாங்கம் வழிகாட்டி மதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, பதிவுக் கட்டணத்தை 4 சதவீதமாக உயர்த்தியது; 2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்கே கொண்டுபோய், கட்டணத்தை 2 சதவீதமாக்கிற்று. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கும் இந்த வித்தையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லுவதற்கில்லை. 40 லட்சத்துக்கு 9 சதவீதம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம். சாதாரணமாக இந்தத் தொகையை வங்கி சொத்தின் மதிப்போடு சேர்த்துக் கொள்ளாது. சொந்தப் பையிலிருந்துதான் எடுத்து வைக்க வேண்டும். இதற்கு மேல் தரகு, வக்கீல் கட்டணம், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், மூலப் பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்ததற்கு எழுதும் ஆவணத்துக்கான முத்திரைச் செலவு என்று சுமார் 80 ஆயிரம் கரைந்தது. 8 லட்சம் என்று நினைத்துப் புறப்பட்டவன், சாவி கைக்கு வருவதற்குள் 14 லட்சத்து 40 ஆயிரம் செலவழித்திருந்தான். அவனுடைய தகப்பனார் தம் ஓய்வுக்காலப் பணத்திலிருந்து 5 லட்சம் எடுத்துக் கொடுத்திராவிட்டால், கொடுத்த முன்பணமும் போய், வீடும் போயிருக்கும்.

பத்திரங்களை ஆதாரத்தோடு பரிசோதிப்பதில் மட்டும் அவன் ஆரம்பமுதல் ஜாக்கிரதையாகவே இருந்தான் என்று சொல்ல வேண்டும். அல்லது, அவனைக் கையைப் பிடித்து அழைத்துச் சென்ற பத்திர எழுத்தர் ஜாக்கிரதையாக இருந்தார். கும்பகோணம், ஸ்ரீரங்கம், மயிலாப்பூர் போன்ற கோயில் ஊர்களில் ஒரு விசேஷமுண்டு: கட்டடம் ஒருவருடையதாகவும் அடிமனை கோயிலுக்கோ மடத்துக்கோ உரியதாகவும் இருக்கும். தலைமுறை தலைமுறையாக மனை வாடகை கட்டிக்கொண்டு குடியிருப்பவர் தம் பாட்டன் வீடு என்று மனப்பூர்வமாக நம்பியே விலை சொல்லுவார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் விற்பதற்கு அவரிடம் இருப்பது மேற்கட்டடம் மட்டுமே. அத்தகைய மனைக்கு வங்கி கடன் கொடுக்காது, பதிவு அலுவலகமும் கிரயத்தைப் பதிந்து கொடுக்காது. அவன் முதலில் பார்த்து மயங்கிய வீடு, இதைவிட 6 லட்சம் குறைவாகக் கிடைத்தது, இப்படிப்பட்டதுதான். விலை காரணமில்லாமல் மலிவாக இருப்பதில்லை.

வில்லங்கச் சான்று என்னும் காகிதத்தின் மேல் நம்மவர்களுக்கு அபாரமான பக்தி. முப்பது வருஷத்துக்கு எடுத்துப் பார்த்து, 'வில்லங்கம் ஒன்றுமில்லை' என்று நிம்மதியடைந்து விடுகிறார்கள். பதிவு அலுவலகத்தில் பதிந்த விஷயங்களை மட்டுமே அந்தச் சான்று சொல்லும் என்பதை மறந்துவிடலாகாது. பதியாமல் ஒத்திக்குக் கொடுத்து ஒரு குடும்பத்தைக் குடிவைத்திருந்தால் அதில் வராது. அண்ணன் தம்பிகள் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தால் வராது. நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் வழக்கும் பெரும்பாலும் வராது. மூலப் பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கும் முறை சென்னை, பம்பாய், கல்கத்தா நகரங்களில் நெடுங்காலமாகச் சட்டம் அங்கீகரித்து வந்த வழக்கம். பதிவில்லாமலே பத்திரத்தைக் கொடுத்து வைத்தாலே அது அடமானம். ஆகையால் நகலைக் காட்டி, 'அசல் ஊரில் பத்திரமாக இருக்கிறது' என்று சொல்லுகிறவரிடம், அந்த ஊருக்கு நாமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லுவதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. அதுபோலவே, வீட்டுக்குள் இப்போது இருப்பவர் யார், எந்த உரிமையில் இருக்கிறார் என்பதை அவரிடமே ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தபடி விசாரித்துவிடுவது, எந்தச் சான்றிதழையும்விட மேலானது.

பெண் வாரிசுகளின் விஷயத்தில் இன்னும் ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1989-லேயே, பிறகு நாடு முழுவதற்குமாக 2005-ல், பூர்விகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான உரிமை வந்துவிட்டது. விற்கிறவர், 'தங்கைக்குக் கல்யாணத்தில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டோம்' என்று சொன்னால், அந்தத் தங்கை கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் எங்கே என்றுதான் கேட்க வேண்டும். இந்த வீட்டில் மூன்று சகோதரிகள். ஒருவர் நாக்பூரில் இருந்தார். அவர் வந்து கையெழுத்திடும்வரை இரண்டு மாதம் பதிவு தள்ளிப் போயிற்று. என் மருமகன் துடித்த துடிப்பைப் பார்த்து, 'மாப்பிள்ளை, இரண்டு மாதம் காத்திருப்பதா, இருபது வருஷம் கோர்ட்டுக்கு அலைவதா?' என்று நான் கேட்டேன். வங்கி வக்கீல்தான் பார்த்துவிட்டாரே, மாமா என்றான். வங்கி வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறவர்; கடன் தொகை திரும்பி வருமா என்பதே அவருடைய பிரதானமான கவலை. நம்முடைய 14 லட்சத்துக்கு நாம்தான் தனியாக ஒரு வக்கீலை வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி வட்டிக்கு வருவோம். 30 லட்சம் கடன், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 26,035 ரூபாய். முதல் மாதம் கட்டும் அந்தப் பணத்தில் 21,250 ரூபாய் வட்டிக்குப் போய்விடும். அசலில் கழிவது 4,785 ரூபாய்தான். இரண்டு வருஷம் ஒழுங்காகக் கட்டினால் கட்டியது 6 லட்சத்து 25 ஆயிரம், அசலில் குறைந்தது சுமார் 1 லட்சத்து 25 ஆயிரம். இருபது வருஷத்தின் முடிவில் வட்டி மட்டும் 32 லட்சத்தைத் தாண்டும். அதே கடனைப் பதினைந்து வருஷத்தில் அடைப்பதென்றால் தவணை 29,542 ரூபாய். மாதம் மூவாயிரத்து ஐந்நூறு அதிகமாகக் கட்டுவதால் மொத்த வட்டியில் 9 லட்சத்துக்கு மேல் மிச்சமாகிறது. தவணை எவ்வளவு குறைவாக வருமோ அவ்வளவு சௌகரியம் என்று நினைப்பதும், சுவரில் உப்புப் பூத்திருப்பதை மறைக்கச் சாயம் பூசுவதும் எனக்கு ஒரே ஜாதியைச் சேர்ந்த காரியங்களாகத்தான் தோன்றுகின்றன.

வட்டி விகிதம் இருபது வருஷமும் ஒரே நிலையில் நிற்கப் போவதில்லை. 2019 அக்டோபர் முதல், வங்கிகள் புதிதாகக் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதம் போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டிவைக்க வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. 2020-ல் 4 சதவீதமாகத் தாழ்ந்திருந்த அந்த ரெப்போ, 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் ஆறரை சதவீதத்துக்குப் போயிற்று. ஆறே முக்கால் வட்டியில் 20 வருஷத்துக்கு 30 லட்சம் வாங்கிய ஒருவருக்குத் தவணை 22,811 ரூபாய். வட்டி ஒன்பதே காலுக்கு ஏறியபோது அந்த 30 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி மட்டுமே 23,125 ரூபாய். அதாவது, அவர் கட்டும் தவணை வட்டிக்கே போதவில்லை. மாதந்தோறும் பணம் கட்டக் கட்டக் கடன் வளரும் விபரீத நிலை. வங்கிகள் பெரும்பாலும் தவணையை அப்படியே வைத்துக்கொண்டு காலத்தை நீட்டின. பலருக்கு ஓய்வு பெறும் வயதையும் தாண்டிக் கடன் நீண்டது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா என்று தீர்மானிக்கும் வாய்ப்பைக் கடன்தாரருக்கே கொடுக்க வேண்டும் என்றது. முதல் வீடு வாங்குகிறவர், இப்போதைய வட்டியில் மட்டுமல்லாமல், அதைவிட இரண்டு சதவீதம் கூடினாலும் தம்மால் தாங்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் வங்கி அபராதம் வசூலிக்க முடியாது. எட்டரை வட்டிக் கணக்கில் வருஷத்துக்கு ஒரு தவணை அதிகப்படியாகக் கட்டினாலே இருபது வருஷக் கடன் மூன்று வருஷத்துக்கு மேல் முன்னதாகத் தீர்ந்துவிடும்.

சாவி கைக்கு வந்தது ஆவணி மாதம். கையில் மிச்சம் 2 லட்சத்து 60 ஆயிரம். என் மருமகன் செய்த முதல் காரியம், கூடத்திலும் அறைகளிலும் பளிங்கு போன்ற புது டைல்ஸ் ஒட்டியது. இரண்டாவது காரியம், சமையற்கட்டில் மேடையை இடித்துக் கருங்கல் பலகை போட்டு அலமாரிகள் அடித்தது. குடிவருகிறவர்கள் பார்ப்பது தரையையும் சமையற்கட்டையும்தானே என்பது அவன் வாதம். ஐப்பசி பிறந்தது. முதல் மழையிலேயே கூடத்தின் ஈசான மூலையில் உத்திரத்தோரமாக நீர் கசிந்து, புதுத் தரையின் மேல் சிவப்பாய்ச் சொட்டியது. அப்போதுதான், ஊரிலே பழைய வீடுகளில் கைதேர்ந்தவர் என்று பெயர்பெற்ற ஒரு மேஸ்திரியை அழைத்து வந்தோம். அவர் தரையைப் பார்த்தார், பிறகு தலைக்கு மேல் பார்த்தார். "தம்பி, தரை எங்கயும் ஓடிப் போயிடாது. மேல பார்த்துட்டுல்ல கீழ வரணும்" என்றார்.

பழைய வீட்டைச் செப்பனிடுவதற்கு ஒரு கிரமம் உண்டென்பதை அந்த ஒரு வாக்கியம் சொல்லிவிட்டது. தண்ணீர் வீட்டுக்குள் வரும் வழிகளை முதலில் அடைக்க வேண்டும். பிறகு சுமை தாங்கும் கட்டையும் கம்பியும். அதன் பிறகு சுவருக்குள் மறையும் குழாயும் மின்கம்பியும். அதன் பிறகு பூச்சு. தரையும் சாயமும் கடைசி. புதிதாக வாங்குகிறவர் இந்தக் கிரமத்தைத் தலைகீழாகச் செய்வதற்குக் காரணம், முதல் மூன்று செலவுகளையும் விருந்தினருக்குக் காட்டிப் பெருமைப்பட முடியாது என்பதுதான்.

முன்பாதியின் கூரை மெட்ராஸ் டெரஸ் என்று சொல்லப்படும் வகையைச் சேர்ந்தது. தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைக் குத்துவாட்டில் மூலைவிட்டமாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட்டைப் போட்டுக் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கி, எல்லாவற்றுக்கும் மேலாகத் தட்டோடு பதித்து முடிப்பார்கள். இரும்புக் கம்பி ஒன்றுமில்லாத இந்தத் தளம், மேலே நீர் தேங்காமலும் கட்டையின் முனை நனையாமலும் இருக்கும்வரை, நூறு வருஷத்துக்கும் அசையாது. அதன் உயிர்நிலை கட்டை சுவருக்குள் நுழையும் இடம். அங்கே ஈரம் சேர்ந்தால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது, உள்ளே தேக்கு உளுத்துப்போகும். மேஸ்திரி ஏணியில் ஏறி ஒவ்வொரு கட்டையையும் முனையில் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தார். பத்தொன்பது கட்டைகளில் பதினேழு கல் போல இருந்தன. இரண்டில் ஸ்க்ரூ டிரைவர் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. அந்த இரண்டையும் மாற்றி, மேலே உடைந்த தட்டோடுகளை எடுத்துப் புதிதாகப் பதித்து, நீர் வடியும் தூம்புக்கு வாட்டம் கொடுத்தபோது, நூற்றாண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய வேலை ஒன்று முடிந்தது.

வேடிக்கை என்னவென்றால், நாற்பது வயதுகூட நிரம்பாத கான்கிரீட் பாதிதான் அதிகச் செலவு வைத்தது. தளம் ஒழுகி, ஈரம் உள்ளே இறங்கி, கம்பி துருப்பிடித்திருந்தது. இரும்பு துருவாகும்போது பருமன் பலமடங்கு பெருகும். அந்தப் பெருக்கம் சுற்றியுள்ள கான்கிரீட்டைப் பிளந்து பத்தைபத்தையாகப் பெயர்க்கும். பெயர்ந்த இடத்தில் சிமென்ட் பூசி மூடிவிடுவது பெரும்பாலோர் செய்யும் வைத்தியம். இரண்டே மழையில் அது மறுபடியும் விழும். துருவேறிய கம்பியை முழுவதும் தெரியும்படி கொத்தி எடுத்து, தேய்த்துச் சுத்தம் செய்து, துரு எதிர்ப்புப் பூச்சுப் பூசி, மிகவும் மெலிந்துபோன இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, அதன் பிறகுதான் மூட வேண்டும். மேலே ஒழுகல் நிற்காதவரை இவ்வளவும் வீண். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால், பொறியாளரைக் கேட்காமல் மேஸ்திரியின் தைரியத்தை மட்டும் நம்பிச் செய்யக் கூடாத காரியம் இது.

பிறகு ஓதம். கூடத்துச் சுவரில் தரையிலிருந்து இடுப்பு உயரம்வரை பூச்சு பொரிந்து, வெள்ளை உப்புப் பூத்திருந்தது. நிலத்து ஈரத்தைச் செங்கல் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல உறிஞ்சி மேலே ஏற்றும். ஈரம் காற்றில் ஆவியாகும்போது அதில் கரைந்திருந்த உப்பு மேற்பரப்பில் பளிங்காகப் படிந்து பூச்சைத் தள்ளும். பழைய சுண்ணாம்புப் பூச்சு மூச்சுவிடும் பூச்சு. கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரை ஈரத்தை வாங்கி வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். இருபது வருஷத்துக்கு முன் யாரோ அதைச் செதுக்கிவிட்டு, 'கெட்டியாக இருக்கட்டும்' என்று சிமென்ட் பூசியிருந்தார்கள். வெளியேற வழியில்லாத ஈரம் சிமென்ட்டுக்குப் பின்னால் சிறைப்பட்டு, இன்னும் உயரமாக ஏறிற்று. இதற்கு மேல் ஒரு காரணமும் உண்டு: தெருவில் தார்ச்சாலையை ஒவ்வொரு முறையும் பழையதன் மேலேயே போட்டுப் போட்டு, வாசலில் மூன்று படி ஏறிப் போக வேண்டியிருந்த வீடு இப்போது தெரு மட்டத்துக்கு வந்துவிட்டது. மழைநீர் தெருவிலிருந்து வீட்டை நோக்கி வருகிறது. ஜாக்கி வைத்து வீட்டையே மூன்று நான்கு அடி தூக்கும் கம்பெனிக்காரர்கள் இப்போது தமிழ்நாடெங்கும் இருக்கிறார்கள். பொதுச்சுவர் கொண்ட வீட்டில் அது நடவாத காரியம். சிமென்ட் பூச்சை இடுப்புக்கு மேல்வரை கொத்தியெடுத்து, ஒரு கோடை முழுவதும் செங்கல்லைக் காயவிட்டு, சுண்ணாம்பே பூசுவதென்று தீர்மானித்தோம். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கண்டுபிடிப்பதற்குத்தான் பிரயாசை. கூலியும் ஒன்றரை மடங்கு.

மின்கம்பி விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. எர்த் கம்பி இல்லாத பழைய வீட்டில் குளிர்சாதனமும் வாட்டர் ஹீட்டரும் மாட்டிக் குடிவைப்பது அபாயம். முழுவதும் புதிதாக இழுத்து, மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டித்துவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் பொருத்தினான். துருவேறிய இரும்புக் குழாய்களை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டான். புது டைல்ஸில் பாதியை இதற்காக உடைக்க வேண்டியிருந்தது.

ஒப்பந்தம் பேசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வீட்டு வேலையை 'சாமானோடு சேர்த்து மொத்தமாக இவ்வளவு' என்று விடுவது ஆபத்து. சுவரைத் திறந்த பிறகுதான் உள்ளே இருப்பது தெரியுமாதலால், ஒப்பந்தக்காரர் ஒன்று அதிகமாகச் சொல்லுவார், அல்லது பாதியில் விட்டுவிடுவார். கூலிக்கு மட்டும் வேலையைக் கொடுத்து, சாமானை நாமே வாங்கி, வேலை முடிந்த அளவுக்குப் பணம் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை ஒரு மழைக்காலம் கழியும்வரை நிறுத்தி வைப்பது எங்களுக்கு ஒத்துவந்தது. 4 லட்சம் என்று நினைத்த செலவு 7 லட்சத்தில் நின்றது. 4 லட்சத்தை வங்கியிலேயே வீட்டுச் சீரமைப்புக் கடனாக, பொறியாளரின் மதிப்பீட்டைக் காட்டி, பத்து வருஷத்துக்கு வாங்கினான். மாதம் 4,959 ரூபாய். அவசரத்துக்குத் தனிநபர் கடன் வாங்கியிருந்தால் வட்டி இன்னும் அதிகமாகியிருக்கும். கடைசியில் குறைந்த 40 ஆயிரத்தை என்னிடம் கைமாற்றாக வாங்கினான். அது இன்னும் திரும்பி வரவில்லை என்பதை இந்தச் சந்தர்ப்பத்தில் பதிந்து வைக்கிறேன்.

வீட்டை முன்கட்டு, பின்கட்டு என்று இரண்டாகத் தடுத்து, 8 ஆயிரத்துக்கும் 7 ஆயிரத்துக்குமாக இரண்டு குடும்பங்களுக்கு விட்டிருக்கிறான். 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி எழுத்து மூலமான ஒப்பந்தமும் அதை வாடகை அதிகாரியிடம் பதிவதும் அவசியம். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. பத்து மாத முன்பணம் வாங்கிச் சீரமைப்புச் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம் என்ற அவனுடைய யோசனையை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அது குடித்தனக்காரருடைய பணம், காலி செய்யும் நாளில் கேட்பார்.

வருஷத்துக்கு 1 லட்சத்து 80 ஆயிரம் வாடகை. வீட்டுக்கு ஆன மொத்தச் செலவு 51 லட்சத்துக்கு மேல். நூற்றுக்கு மூன்றரை. இரண்டு கடன்களுக்குமாக மாதம் 31 ஆயிரம் கட்ட, வாடகை 15 ஆயிரம் வர, மீதி 16 ஆயிரத்தைச் சம்பளத்திலிருந்து போடுகிறான். ஒரு பகுதி ஒரு மாதம் காலியாக இருந்தால் அதுவும் கூடும். 'வாடகையே கடனை அடைத்துவிடும்' என்று புறப்பட்டவன் இப்போது அப்படிச் சொல்லுவதில்லை. வருமான வரியில் கிடைக்கும் சலுகையும் அவன் கேள்விப்பட்ட அளவுக்கு இல்லை: வாடகை வருமானத்தில் வீட்டுவரி போக 30 சதவீதம் கழித்து, வட்டியையும் கழிக்கலாம் என்பது வாஸ்தவம்தான், முதல் வருஷ வட்டியே 2 லட்சத்து 52 ஆயிரம் என்பதால் நஷ்டம் காட்ட வேண்டியதாகிறது. பழைய வரி முறையில் அந்த நஷ்டத்தை 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுசெய்து கொள்ளலாம். அவன் தேர்ந்தெடுத்திருந்த புதிய முறையில் அதற்கு இடமில்லை. இனி அவனுக்கு லாபம் என்று ஒன்று வருமானால், அது மனையின் விலை ஏறுவதிலிருந்தும், வருஷந்தோறும் அசலில் சிறிது சிறிதாகக் கழியும் தொகையிலிருந்தும்தான் வர வேண்டும். இரண்டும் நிதானமாக நடக்கிற காரியங்கள்.

இந்தப் புரட்டாசியில் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தான். மாடிக்கு ஏறித் தூம்பு வாயில் அடைத்திருந்த வேப்பிலைச் சருகுகளை வாரிக் கொட்டினான். தட்டோடுகளின் இணைப்புகளை முழங்காலிட்டு ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். பிறகு முன்கட்டு அம்மாளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு கூடத்துக்குள் வந்து, ஈசான மூலைச் சுவரில் குனிந்து நின்றான். தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் போன வருஷத் தேதியைக் குறித்து வைத்திருந்தான். ஈரம் கோட்டுக்கு நான்கு விரற்கடை கீழே நின்றது. அந்த இடத்தில் இன்னொரு கோடு போட்டு, அன்றைய தேதியை எழுதினான். ஐப்பசி பிறக்க இன்னும் பதினொரு நாள் இருந்தது.